கொட்டாம வெச்ச குடுவை

எனக்குக் கோவம் மூக்கு மேலதான் இருக்கும். முதல்லயே சொல்லிடறேன், அப்புறம் நடுவுல யாரையாவது திட்டினா தப்பா எடுத்துக்காதீங்க. பேரு பியாட்ரிஸ். வயசு முப்பத்தொம்பது. கல்யாணம் ஏன் ஆகலைன்னு நீலசந்திராவுல எங்க தெருவுல இருக்கற எல்லாரும் கேட்டு ஓய்ஞ்சுட்டாங்க, அதனால நீங்க கேக்க வேண்டியதில்ல. கீழ்வீட்டுல எங்கண்ணன் ஆம்ப்ரோஸ், அண்ணி பாஞ்சாலி, அவங்க பொண்ணு ரக்ஷிதா. மாடியில ஒத்த ரூம்ல நான்.

வேலை எலெக்ட்ரானிக் சிட்டி தாண்டி ஒரு கேன்சர் ஆராய்ச்சிக் கூடத்துல. செல் வளக்கற வேலை. பெரிய வித்தைன்னு நினைக்காதீங்க, கோழி வளக்கற மாதிரிதான். தீனி வைக்கணும், இடம் பத்தலைன்னா பிரிச்சு விடணும், சூடு முப்பத்தேழு டிகிரியில நிக்குதான்னு பாத்துக்கணும். வாயில கேன்சர் வந்தவங்களுக்கு ஆபரேஷன் பண்ணி எடுக்கறதுல ஒரு துணுக்கு, அவங்க சம்மதிச்சுக் கையெழுத்து போட்டா, ஐஸ் பெட்டியில எங்ககிட்ட வரும். பேரு இருக்காது, நம்பர்தான் இருக்கும். யாரோடதுன்னு விசாரிக்கக் கூடாதுன்றது ரூல்.

நான் வேலை செய்யற ரூமுக்கு ஜன்னல் கிடையாது. காலையில ஏழரைக்கு உள்ள போனா வெளியில வெயிலா மழையான்னு தெரியாது. காத்து மெஷின் ஒரே சீரா முனகிட்டே இருக்கும். செல்லுங்களுக்கு ஊத்தற தீனித் தண்ணி, ரோஸ் மில்க்குல தண்ணி கலந்த கலர்ல இருக்கும். அதுங்களுக்குப் பசிச்சா அது மஞ்சளா மாறிடும். மைக்ராஸ்கோப்ல கண்ண வெச்சுட்டா கை கால் எங்க இருக்குன்னே மறந்துபோயிடும். அந்த ரோஸ் தண்ணிக்குள்ள நானே இறங்கி, மெத்து மெத்துன்னு கால் வெச்சு நடக்கற மாதிரி இருக்கும். பதினாறு வருஷமா தினமும் அப்படி இறங்கி ஏறிட்டிருக்கேன்.

அண்ணன் கம்பெனி கேப் ஓட்டறவரு. ஷிஃப்ட்டுல தூக்கம் வராம இருக்க குட்கா பழகிட்டாரு. பன்னண்டு வருஷம், இடது கன்னத்துல அடக்கி வெச்சுட்டே வண்டி ஓட்டினாரு. கன்னத்துக்கு உள்ள வெள்ளையா ஒரு திட்டு வந்தப்போ முதல்ல எங்கிட்டதான் காட்டினாரு.

"பியா, உங்க அண்ணிகிட்ட சொல்லாதடீ. சாமியாடிடுவா."

நானும் சொல்லல. மெடிக்கல்ல ஜெல் வாங்கிக் குடுத்தேன், பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை வாங்கிக் குடுத்தேன். காரம் எரியுதுன்னாரு, அவருக்குன்னு தனியா காரமில்லாத குழம்பு வெச்சேன். ஏன் இப்படிச் சப்புனு சாப்பிடறாருன்னு அண்ணி கேட்டப்போ, "பல் கூச்சம் அண்ணி"ன்னேன். எட்டு மாசம் அப்படியே ஓடிச்சு. நீங்க இப்ப என்ன கேக்க வர்றீங்கன்னு தெரியும். பதினாறு வருஷம் அந்தக் கூடத்துல இருக்கறவளுக்குத் தெரியாதான்னு. தெரியும். மைக்ராஸ்கோப்ல பாத்தா ஒரு நிமிஷத்துல சொல்லிடுவேன். சொந்த அண்ணன் வாயத் தொறந்து காட்டினா மட்டும் கண்ணு தெரியாம போயிடுச்சு. என் மேல எனக்கே அப்படி ஒரு ஆத்திரம்.

போன பிப்ரவரியில ஆபரேஷன். கன்னத்துக்குள்ள இருந்ததை எடுத்துட்டு, தொடையிலருந்து தோல் எடுத்து ஒட்டு போட்டாங்க. அன்னிக்கு சாயங்காலம் அந்த ஆஸ்பத்திரியிலருந்து எங்க கூடத்துக்கு ஒரே ஒரு பெட்டிதான் வந்துச்சு. நம்பர் முப்பத்தொண்ணு. ரூல்படி பாத்தா, நான் உடனே வித்யாலட்சுமி மேடம்கிட்ட போயி, இது எங்க வீட்டு ஆளோடது, வேற யார்கிட்டயாவது குடுங்கன்னு சொல்லியிருக்கணும். மேடம்தான் எங்க கூடத்துக்குத் தலை. நான் சொல்லல. கையுறையப் போட்டுட்டு நானே பெட்டியத் தொறந்தேன்.

பிளேடால பொடிசா நறுக்கி, தட்டுல பரப்பி, ரோஸ் தண்ணி ஊத்தி, சூட்டுப் பெட்டியில வெச்சேன். நாலஞ்சு நாள்ல துணுக்கோட ஓரத்துலருந்து செல்லுங்க மெதுவா வெளிய ஊர்ந்து வந்துச்சு. எப்பவும் ரெண்டு ஜாதி வரும். ஒண்ணு கேன்சர் செல். குண்டு குண்டா, ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு, கும்பலா உக்காந்திருக்கும். இன்னொண்ணு சுத்தியிருக்கற சதையோட செல். அதுக்கு நாங்க நார் செல்லுனு சொல்லுவோம். ரெண்டு பக்கமும் கைய நீட்டிப் படுத்திருக்கற மாதிரி ஒல்லியா, நீளமா, பாக்கவே லட்சணமா இருக்கும். அதுல கேன்சர் கிடையாது. காயம் பட்டா ஓடி வந்து தைக்கறது, தோலுக்கு அடியில நாரு போட்டு உடம்ப இழுத்துக் கட்டறது, எல்லாம் அதோட வேலை.

எங்களுக்கு வேண்டியது கேன்சர் செல் மட்டும். அதனால ஒரு மருந்து ஊத்துவோம். ஊத்தின ரெண்டு நிமிஷத்துல நார் செல்லுங்க பிடிய விட்டுட்டு மிதக்க ஆரம்பிச்சுடும். கேன்சர் செல் அவ்ளோ சீக்கிரம் விடாது. மிதக்கறத அப்படியே சாய்ச்சு பிளீச்சிங் வாளியில கொட்டிடணும். பதினாறு வருஷத்துல எத்தனை பேரோட நார் செல்ல நான் அப்படிக் கொட்டியிருப்பேன்னு எனக்கே தெரியாது.

அன்னிக்குக் கொட்ட முடியல. தட்டைக் கையில வெச்சுட்டு வாளிக்கு மேல நின்னேன். இதுல மிதக்கறது எங்கண்ணனோட நல்ல செல்லு. அந்தாளு உடம்புல கெட்டுப்போகாம மிச்சமிருக்கறது. கெட்டத மட்டும் பொத்திப் பொத்தி வளத்துட்டு நல்லதப் போயி பிளீச்சிங்ல கொட்டறதான்னு எனக்கு அப்படி ஒரு கோவம் வந்துச்சு. உள்ளங்கை அளவு ஒரு குடுவை எடுத்து அதுல ஊத்தி, மூடி, பின்வரிசையில ஒளிச்சு வெச்சேன். மேல ஒண்ணும் எழுதல.

அது நல்லா வளந்துச்சு. காலையில முதல்ல அத எடுத்துப் பாத்துட்டுதான் மத்த வேலை. மைக்ராஸ்கோப்ல பாத்தா எல்லாம் ஒரே பக்கம் தலை வெச்சுப் படுத்த மாதிரி அலை அலையா போகும். ஆத்துல பாசி ஆடற மாதிரி. பாத்துட்டே இருந்தா எனக்குள்ள ஒரு நிம்மதி. வெளியில அண்ணன் ரேடியேஷனுக்குப் போயிட்டு, தொண்டை வெந்து, எச்சி முழுங்க முடியாம உக்காந்திருப்பாரு. உள்ள, அந்த வெதுவெதுப்புல, அவர் நல்லாதான் இருக்காருன்னு எனக்குத் தோணும்.

ஒரு நாள் அவர்கிட்டயே சொல்லிட்டேன். ஒட்டுப் போட்ட வாயால கோணலா சிரிச்சாரு. அதுலருந்து நான் வேலை விட்டு வந்தா அதே கேள்விதான்.

"என் பிள்ளைங்க எப்படி இருக்கு?"

"உன்ன விட அடக்கமா இருக்கு. சொன்ன பேச்சு கேக்குது."

"அப்ப அம்மா வழி."

ஏப்ரல்ல மேடம் அந்தக் குடுவையக் கண்டுபிடிச்சிட்டாங்க. பேர் எழுதாத குடுவை எங்க கூடத்துல பெரிய குத்தம். மேடம் மல்லேஸ்வரத்துல பொறந்து வளந்தவங்க, சத்தம் போட்டுப் பேசத் தெரியாது. சத்தம் போட்டிருந்தா கூடத் தேவலாம்னு இருக்கும்.

"இது என்ன, பியாட்ரிஸ்?"

சொன்னேன். முப்பத்தொண்ணு யாருன்னும் சொன்னேன். அவங்க கண்ணாடியக் கழட்டித் துடைச்சாங்க. முப்பத்தொண்ணோட அளவெடுக்கறது, கணக்கு எழுதறது எதுவும் இனி நான் செய்யக் கூடாது, தீனி மாத்தறது மட்டும் செய்யலாம்னாங்க. அண்ணன்கிட்டயும், ஆராய்ச்சிக்கு அனுமதி குடுக்கற கமிட்டிகிட்டயும் எழுதி வாங்கினாங்க. எல்லாம் முடிஞ்சப்பறம் குடுவைய வெளிச்சத்துல தூக்கிப் பாத்துட்டு, "நல்லா வளத்திருக்கீங்க. இதக் கொட்ட வேண்டாம். நம்ம எல்லாரும் கும்பலுக்கு நடுவுல இருக்கறவனயே பாக்கறோம். சுத்தி நிக்கறவங்க என்ன பண்றாங்கன்னு பாத்துடலாம்"னாங்க.

எனக்குப் பெருமை தாங்கல. எங்கண்ணனோட நல்ல செல்லு கேன்சர எப்படித் தடுக்குதுன்னு உலகமே பாக்கப் போகுதுன்னு நினைச்சேன்.

ஜூலை கடைசியில ஒரு மத்தியானம். அண்ணன் மறுபடி வண்டி ஓட்ட ஆரம்பிச்சிருந்தாரு, பகல் ட்ரிப் மட்டும். எங்க கூடத்து வாசல்ல வண்டிய நிறுத்திட்டு போன் பண்ணாரு. நான் போயி முன் சீட்ல உக்காந்தேன். தூறல் போட்டுட்டிருந்துச்சு. ஏசி இல்லாம கண்ணாடி எல்லாம் ஆவி பூத்து, வெளியில போற பஸ்ஸுங்க கலங்கலா தெரிஞ்சுது.

போன் டார்ச்சப் போட்டு வாயத் தொறந்தாரு. ரெண்டு விரல் அளவுதான் தொறக்க முடியும். ஒட்டுப் போட்ட தோலோட ஓரத்துல, உள்பக்கம், மொச்சைக்கொட்டை அளவுக்கு ஒண்ணு இருந்துச்சு. விரல வெச்சுப் பாத்தேன். கல்லு.

"எத்தனை நாளா?"

"ரெண்டு வாரம். மென்னா வலிக்குது." அப்புறம் ஸ்டியரிங்கப் பாத்துட்டே சொன்னாரு. "பியா, செப்டம்பர்ல மாதா திருவிழா முடிஞ்ச ஞாயித்துக்கிழமை ரக்ஷிக்கு புது நன்மை. அவ முதல் தடவ நற்கருணை வாங்கறப்போ அவ பக்கத்துல நின்னு நானும் வாங்கணும். இப்ப போனா மறுபடி வெட்டுவாங்க. மூக்குல குழாய் போட்டுடுவாங்க. ஒரு அப்பத் துண்டு வாயில வைக்க முடியாது. ஆறே வாரம்டீ. அதுவரைக்கும் பாஞ்சாலிக்குத் தெரிய வேணாம். சத்தியம் பண்ணு."

புது நன்மை எங்களுக்கு எவ்ளோ பெருசுன்னு தெரியாதவங்களுக்குச் சொல்றேன். பிள்ளை வெள்ளை கவுன் போட்டு, கையில மெழுகுவத்தி பிடிச்சு, முதல் தடவையா நற்கருணை அப்பத்தை நாக்குல வாங்கற நாள். அத வாங்கற பிள்ளைக்குப் பக்கத்துல அப்பனும் ஆயியும் நிப்பாங்க. ஆறு வாரத்துல அந்தக் கட்டி என்னாகும்னும் எனக்குத் தெரியும். ரெண்டும் தெரிஞ்சுதான் குழந்தை இயேசு மேல சத்தியம் பண்ணேன், வாயே தொறக்க மாட்டேன்னு. அவர் முகத்தப் பாத்துட்டு வேற எதையும் சொல்ல வரல.

சத்தியம் பண்ணா போதுமா? வேலை இருந்துச்சு. ஜூலை செக்கப்புக்கு ஏன் போகலைன்னு அண்ணி கேட்டாங்க. "டாக்டர் செப்டம்பர்ல வரச் சொன்னாராம்"னு நான் சொன்னேன். ரேடியேஷனுக்கு அப்புறம் கொழைய பிசைஞ்ச சோறு, குட்டிக் குட்டி கறித்துண்டு வரைக்கும் அண்ணன் வந்திருந்தாரு. அண்ணிக்கு அதுல ஏக சந்தோஷம். இப்ப அதுவும் மெல்ல முடியல. அதனால நான் மாடியில அவர் பங்க மட்டும் மிக்ஸியில அரைச்சு, கறியையும் அரைச்சு உருட்டி, மேல குழம்ப ஊத்திக் கொண்டாருவேன். பாத்தா பிசைஞ்ச சோறு. வாயில வெச்சா கஞ்சி. அண்ணி கார்மெண்ட்ஸ்ல சூப்பர்வைசர், துணியில ஒரு நூல் பிரிஞ்சிருந்தா பத்தடி தூரத்துலருந்து கண்டுபிடிச்சிடுவாங்க. அவங்க கண்ணையே நான் ஏமாத்தினேன். எனக்கு அதுல ஒரு பெருமை கூட இருந்துச்சு, பொய் சொல்வானேன்.

ஆகஸ்ட் முதல் வெள்ளிக்கிழமை மேடம் கூப்பிட்டாங்க. "வாங்க பியாட்ரிஸ், உங்க குடுவையோட படம் வந்திருக்கு."

அவங்க பண்ணது இதுதான். நம்ம சதை மாதிரியே கெட்டியா ஒரு ஜெல்லி செஞ்சு, அது மேல அண்ணனோட கேன்சர் செல்ல விட்டாங்க. ஒரு தட்டுல வெறும் ஜெல்லி. இன்னொண்ணுல, கடவாய்ப் பல்லு புடுங்கின யாரோ ஒருத்தரோட ஈறுலருந்து எடுத்த நார் செல்லக் கலந்த ஜெல்லி. மூணாவதுல, நான் வளத்தது. பத்து நிமிஷத்துக்கு ஒரு போட்டோன்னு அஞ்சு நாள் எடுத்து, ஓட விட்டாங்க. ரூம்ல விளக்க அணைச்சாங்க.

முதல் தட்டுல கேன்சர் செல்லுங்க மேலயே கும்பலா உக்காந்திருந்துச்சு. கொஞ்சம் நெளியும், அப்புறம் அங்கயே இருக்கும். ரெண்டாவதுலயும் பெருசா ஒண்ணும் நடக்கல. மூணாவது ஓட ஆரம்பிச்சுது. இருட்டுல, சாம்பல் கலர்ல, என் செல்லுங்க நீந்திக்கிட்டே போகுது. அவ்ளோ அழகு. கைய நீட்டி முன்னால இருக்கற நாரப் பிடிச்சு இழுக்கும், ஒதுக்கும், உடம்ப உள்ள நுழைக்கும். அது போன இடத்துல மெல்லிசா ஒரு பாதை இருக்கும். கொஞ்ச நேரம் கழிச்சு, அந்தப் பாதையில, ஒண்ணு பின்னால ஒண்ணா, குண்டு குண்டா, அதுங்க வந்துச்சு. அவசரமே இல்லாம, விருந்துக்கு வர்ற மாதிரி.

நான் முதல்ல மூணாவது தட்டு மாறிப் போயிடுச்சுன்னு சண்டை போட்டேன். மேடம் மூணு தடவ பண்ணியிருக்கோம்னாங்க.

"அதுல கேன்சர் இல்ல மேடம். நல்ல செல்லு."

"இல்லதான். இன்னிக்கும் இல்ல. கேன்சர் பக்கத்துலயே ரொம்ப நாள் இருந்துச்சு இல்லையா? அது அனுப்பற சேதி, காயம் பட்டப்போ உடம்பு அனுப்பற சேதி மாதிரியே இருக்கும். ஆறாத காயம்னு நினைச்சுட்டு இதுங்க விடாம வேலை செய்யும். நாரை இழுத்துக் கட்டும், வழி பண்ணும், தீனி கூடக் குடுக்கும். கேன்சருக்குத் தனியா நடக்கத் தெரியல, பாத்தீங்க இல்ல. இதுங்க முன்னால போனாதான் அது போகுது." அப்புறம் மெதுவா சொன்னாங்க. "பாவம், இதுங்களுக்குத் தெரியாது. ஆத்தறோம்னுதான் நினைக்குது."

படம் முடிஞ்சு மறுபடி முதல்லருந்து ஓடிச்சு. மேடம் விளக்கப் போட்டாங்க.  நான் போயி கை கழுவினேன், ரொம்ப நேரம் கழுவினேன்.

சாயங்காலம் பஸ்ஸுல மேம்பாலத்து மேல வர்றப்போ கண்ணு சொருகிடுச்சு. கனவுல எங்க நீலசந்திரா தெரு. அதே சந்துதான், ஆனா சுவரெல்லாம் ரோஸ் கலர்ல, தொட்டா வெதுவெதுன்னு இருந்துச்சு. எங்க தெருவுல ரெண்டு பக்கமும் ஸ்கூட்டருங்க நிக்கும். ஆம்புலன்ஸோ சப்பரமோ வந்தா யாராவது முன்னால ஓடி ஒவ்வொண்ணா நகத்தி வழி பண்ணுவாங்க. கனவுல நான்தான் ஓடறேன். ஒவ்வொரு வண்டியா நகத்தறேன். பின்னால வர்றது யாருன்னு நான் பாக்கல, நம்ம வீட்டு ஆளுங்கதான்னு நினைப்பு. ஜன்னல்லருந்து எல்லாரும், நல்லவ, எவ்ளோ ஒத்தாசையா இருக்கான்னு சொல்றாங்க. எனக்குச் சந்தோஷமா இருக்கு. கடைசி வண்டிய நகத்தினேன். அதுக்கு அந்தாண்ட எங்க வீட்டுக் கதவு. ரக்ஷிதா வெள்ளை கவுன் போட்டுட்டு வாசப்படியில உக்காந்திருந்தா. என் முதுகுப் பக்கம் பாத்து, "அத்தை, பின்னால யாரு?"ன்னா. கண்டக்டர் தட்டி எழுப்பினாரு. என் ஸ்டாப் தாண்டிப் போயிருந்துச்சு.

சனிக்கிழமை முழுக்க ஒரு வேலையும் ஓடல. சத்தியம் பண்ணியிருக்கேன். அண்ணன்கிட்டப் போயி நாமே போயிடலாம் வான்னு கெஞ்சினேன். "அஞ்சு வாரம்தான் பாக்கி"ன்னு என் தலையில செல்லமா தட்டிட்டுப் போயிட்டாரு.

ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வந்தா எங்க வீட்டுல மட்டன் குழம்பு. கீழ எல்லாரும் சேந்து உக்காந்து சாப்பிடுவோம். நான் மாடிக்குப் போயி அண்ணன் பங்க எடுத்தேன். சோத்தப் பிசைஞ்சேன். மிக்ஸியோட மூடியக் கையில எடுத்தேன். அதுக்கு மேல கை போகல. மூடிய வெச்சுட்டு, கறியக் குட்டியா பிச்சுப் போட்டு, குழம்ப ஊத்தி, அரைக்காம கீழ கொண்டு போயி அவர் முன்னால வெச்சேன்.

ஒரு வாய் எடுத்து வெச்சாரு. தாடை ரெண்டு தடவ அசைஞ்சுது, அப்புறம் நின்னுடுச்சு. கண்ணுல தண்ணி கட்டிக்கிச்சு. என்னப் பாத்தாரு.

"என்னாச்சு?"ன்னு அண்ணி கேட்டாங்க.

அவர் இன்னும் என்னையேதான் பாத்துட்டிருந்தாரு. பல் கூச்சம், ரெண்டே வார்த்தை. எத்தனையோ தடவ சொன்னதுதான், நாக்கு நுனியில தயாரா இருந்துச்சு. நான் வாயே தொறக்கல. சத்தியத்தக் காப்பாத்தினேன். மேசையில குழம்புப் பாத்திரத்தோட விளிம்பையே பாத்துட்டு உக்காந்திருந்தேன்.

அண்ணி என்னப் பாத்தாங்க, அவரப் பாத்தாங்க, அவர் தட்டப் பாத்தாங்க. அண்ணன் வாயில இருந்தத கையில துப்பினாரு. சோத்துல ரத்தம் இழையா இருந்துச்சு. அண்ணி கத்தல, சாமியாடல. கைய முந்தானையில துடைச்சுட்டு போன எடுத்து டார்ச்சப் போட்டாங்க.

"வாயத் தொற."

தொறந்தாரு. அண்ணி பாத்துட்டு டார்ச்ச அணைச்சாங்க. அப்புறம் என் பக்கம் திரும்பி, "உனக்குத் தெரியுமா?"ன்னாங்க. "தெரியும்"னேன். "எத்தனை நாளா?"ன்னாங்க. சொன்னேன். எட்டு மாசம் பல் கூச்சம்னு சொன்னதையும் சேத்துச் சொன்னேன். அண்ணி என்னை ஒரு அறை விட்டாங்க. வலிக்கல, அதுதான் கஷ்டமா இருந்துச்சு.

பத்து நாள்ல ரெண்டாவது ஆபரேஷன். எலும்பு வரைக்கும் போயிருந்துச்சு, எலும்புக்குள்ள இன்னும் போகல. கீழ்த்தாடையில ஒரு துண்ட எடுத்துட்டாங்க. "இப்பவே வந்தது நல்லதாச்சு. அதுக்கு மேல நான் ஒண்ணும் சொல்றதுக்கில்ல"ன்னு டாக்டர் சொன்னாரு. அண்ணன் பயந்த மாதிரியே மூக்குல குழாய். பேச்சும் இல்ல. ரக்ஷிதாவோட எழுதி அழிக்கிற பலகை ஒண்ணு, பட்டன அமுக்கினா மொத்தமும் அழிஞ்சிடும், அதுலதான் எழுதிக் காட்டுவாரு. தண்ணி, ஃபேன், தலகாணி, எல்லாம் எழுதுவாரு. அண்ணிக்கு எழுதுவாரு, நர்ஸுக்கு எழுதுவாரு. எனக்கு மட்டும் ஒரு எழுத்து எழுதல. நான் உள்ள வந்தா கண்ண மூடிக்குவாரு. நாலு வாரம் அப்படியே.

புது நன்மை அன்னிக்குக் கோயில்ல எக்கச்சக்கக் கூட்டம். வெள்ளை கவுனும் மெழுகுவத்தியுமா பிள்ளைங்க வரிசையா வந்துச்சு. மெழுகுப் புகையில எல்லாம் மங்கலா, தண்ணிக்கு அடியில நடக்கற மாதிரி இருந்துச்சு எனக்கு. ரக்ஷிதா நாக்க நீட்டி வாங்கினா. பின்னால அண்ணன் நின்னாரு, மூக்குக் குழாயோட, கழுத்துல வெள்ளைத் துணியச் சுத்திக்கிட்டு. ஃபாதர் அப்பத்தக் கையில எடுத்தாரு, அவர் மூடின உதட்டப் பாத்தாரு, திரும்ப வெச்சுட்டு, நெத்தியில சிலுவ போட்டாரு. அண்ணன் தலையக் குனிஞ்சு வாங்கிக்கிட்டாரு. அத நான்தான் அவர்கிட்டருந்து புடுங்கினேன். இன்னொரு தடவ வந்தாலும் புடுங்குவேன். 

வீட்டுல பிரியாணி, கேக்கு, சொந்தக்காரங்க. நான் கண்ணுல படாம மாடிப்படியில போயி உக்காந்தேன். கொஞ்ச நேரத்துல யாரோ பக்கத்துல வந்து உக்காந்தாங்க. அண்ணன். மடியில பலகை.  அப்புறம் எழுதி என் பக்கம் திருப்பினாரு.

என் பிள்ளைங்க எப்படி இருக்கு?

 பொய் சொல்லிடலாம்னு ஒரு நிமிஷம் தோணிச்சு, பழக்கதோஷம். சொல்லல. படத்துல பாத்தத எல்லாம் சொன்னேன். அதுங்க முன்னால போயி வழி பண்றத, பின்னால அது வர்றத, மேடம் சொன்னத, ஒண்ணு விடாம சொன்னேன்.

"கெட்டதுங்க இல்லண்ணா. ஆத்தறோம்னு நினைச்சுட்டுதான் எல்லாத்தையும் பண்ணுதுங்க. அதுதான் கேன்சர உள்ள கூட்டிட்டுப் போகுது."

கேட்டுட்டு பட்டன அமுக்கி அழிச்சாரு. நிதானமா எழுதினாரு.

உன்ன மாதிரி.

  கண்ணு பொங்கிக்கிட்டு வந்துச்சு, எதிர்ல நின்ன ஸ்கூட்டரெல்லாம் கரைஞ்சு போச்சு. "மேடத்துகிட்ட சொல்லி திங்கக்கிழமை வாளியில கொட்டிடறேன்"னேன். 

அவர் என் தோளத் தட்டினாரு. பலகைய மறுபடி அழிச்சுட்டு, பெரிய எழுத்துல, பலகை முழுக்க எழுதினாரு.

கொட்டிடாத.

கீழ ரக்ஷிதா அத்தை அத்தைன்னு கூப்பிட்டுட்டிருந்தா, கேக்கு வெட்டணுமாம். அண்ணன் எழுந்து எனக்குக் கைய நீட்டினாரு. குடுவைக்குத் தண்ணி மாத்தி மூணு நாளாச்சு, காலையில போனதும் முதல்ல அத மாத்தணும்னு நினைச்சுக்கிட்டே எழுந்தேன்.